அறநெறித் தாளில் முழு மதிப்பெண், வார்டில் எவ்வளவு?

செவிலியர் கல்லூரியில் புதிதாகப் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஓர் ஆசிரியர் கேட்ட கேள்வி இது: அறநெறியைத் தனித் தாளாக வைத்துக் கற்பிப்பதால் மாணவர்களிடம் தொழில் விழுமியங்கள் உண்மையிலேயே வேரூன்றுகின்றனவா, அல்லது தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும் பாடங்களுள் அதுவும் ஒன்றுதானா? வேரூன்றும் என்றால் அதை எப்படிக் கற்பிப்பது? வார்டிலும் வகுப்பறையிலுமாக நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பிக்க முடியும். ஆனால் வழக்கமாக நாம் அறநெறி என்று பெயரிட்டுக் கற்பிக்கும் பகுதியில் அதன் பெரும்பங்கு இல்லை. மருந்தியல் வகுப்பிலும், பணி மாறும் நேரத்துப் பேச்சிலும், முதல் ஆறு மாதம் மாணவர் எந்த வார்டில் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதிலும் அது இருக்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று, 1966-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்ளிங்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. உண்மையான மருத்துவமனைகளில் பணியில் இருந்த செவிலியரிடம், அவர்கள் அறியாமலே அது நடத்தப்பட்டது. வார்டில் தனியாக இருக்கும் செவிலியருக்கு, முன்பின் தெரியாத ஒரு மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, குறிப்பிட்ட நோயாளிக்கு 'அஸ்ட்ரோட்டென்' என்ற மருந்தை 20 மில்லிகிராம் உடனே கொடுக்கும்படியும், தாம் பிறகு வந்து கையெழுத்திடுவதாகவும் சொல்வார். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். தொலைபேசி உத்தரவின் பேரில் மருந்து கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி; அந்த மருந்தும் வார்டில் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. இத்தனை இருந்தும், 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியின் கட்டிலை நோக்கி நடந்துவிட்டார்கள். ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவர் வழிமறித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பெட்டிக்குள் இருந்தது தீங்கற்ற குளுக்கோஸ் என்பதால் எவருக்கும் ஆபத்து நேர்ந்திருக்காது.

நம் கேள்விக்கு இதைவிட முக்கியமானது அந்த ஆய்வின் இன்னொரு பகுதி. இதே சூழ்நிலையைத் தாளில் எழுதி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். பட்டம் பெற்ற செவிலியர் 12 பேரில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். மாணவியர் 21 பேரில் 21 பேரும் அதையே சொன்னார்கள். நான் திருத்திய அறநெறி விடைத்தாள்களை நினைத்தால், இந்த 21-க்கு 21 என்ற எண்ணிக்கை அடிக்கடி நினைவுக்கு வரும். அந்த மாணவியர் பொய் சொல்லவில்லை. தாளுக்கும் தொலைபேசிக்கும் இடையே இருக்கும் தூரத்தை அவர்கள் இன்னும் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

1977-இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சற்றே மாற்றிச் செய்து பார்த்தார்கள். இம்முறை மருந்து, செவிலியருக்கு நன்கு பழக்கமான, பதற்றத்தைத் தணிக்கும் வேலியம். அளவு மிக அதிகம். பக்கத்தில் இருக்கும் சக செவிலியரிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இருவர் மட்டுமே உத்தரவை நிறைவேற்ற முன்வந்தார்கள். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் காலமும் மாறியிருந்தது என்று ஒருவர் வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், செவிலியரைக் காப்பாற்றியவை இரண்டு என்று எனக்குப் படுகிறது. ஒன்று, மருந்தைப் பற்றிய அறிவு. மற்றொன்று, 'இது சரியா?' என்று கேட்பதற்கு அருகில் ஒரு மனிதர். இரண்டுமே அறநெறிப் பாடத்திட்டத்தில் பொதுவாக இடம்பெறுவதில்லை. உச்ச அளவு தெரியாத செவிலியரிடம் துணிச்சல் இருந்தும் பயனில்லை, எதை எதிர்த்துத் துணிவது என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே மருந்தியலை ஒழுங்காகக் கற்பிப்பதே அறநெறிக் கல்வியின் முதல் பாதி என்று நான் என் உடன் ஆசிரியர்களிடம் சொல்வதுண்டு. சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

விழுமியம் என்று நாம் இன்று சொல்வதும் எப்போதும் இதே பொருளில் இருந்ததில்லை. பட்டமேற்பு விழாக்களில் மெழுகுவர்த்தி ஏந்திச் சொல்லப்படும் நைட்டிங்கேல் உறுதிமொழியை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியரின் தலைமையிலான குழு, தங்கள் பயிற்சிப் பள்ளி மாணவியருக்காக எழுதியது. மருத்துவருக்கு அவருடைய பணியில் விசுவாசத்தோடு துணைநிற்பேன் என்ற வாக்கு அதில் உண்டு. 1899-இல் தொடங்கப்பட்ட சர்வதேச செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்றுக்கொண்ட முதல் நெறிக்கோவையிலும், மருத்துவரின் உத்தரவுகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுவது செவிலியரின் கடமையாகவே சொல்லப்பட்டிருந்தது. 1973-இல் அந்தக் கோவை திருத்தி எழுதப்பட்டபோதுதான், செவிலியரின் முதன்மைப் பொறுப்பு, செவிலியப் பராமரிப்பு தேவைப்படும் மக்களிடம் என்று தெளிவாக்கப்பட்டது. 2021-இல் வெளிவந்த திருத்தம் இந்தப் பொறுப்பை உலக மக்களின் உடல்நலம் வரைக்கும் நீட்டுகிறது. இந்த வரலாற்றை நான் வகுப்பில் விரிவாகவே சொல்வேன். செவிலியரின் முதன்மைக் கடமை இருபது ஆண்டுகளில் மருத்துவரிடமிருந்து நோயாளிக்கு இடம் மாறியதைப் பார்க்கும் மாணவர், விழுமியங்கள் கல்லில் பொறித்து வந்தவை என்று நினைப்பதை விட்டுவிடுவார். அவை மனிதர்கள் வாதாடி, தவறி, திருத்தி எழுதியவை என்பது அவருக்குப் புரியும். ஹாஃப்ளிங்கின் 21 பேரும் மருத்துவரிடம் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள் என்பதும் அப்போது விளங்கும்.

கருணை, நேர்மை, மனித கண்ணியம், தன்னாட்சி, சமூக நீதி என்று பாடநூல்கள் விழுமியங்களை வரிசைப்படுத்துகின்றன. அந்த வரிசையை மனப்பாடம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும், அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவை ஒன்றுக்கொன்று எப்போதும் துணைநிற்பவை என்ற எண்ணத்தை மட்டும் ஆசிரியர் உடைத்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்த மேகநோய் (சிஃபிலிஸ்) ஆய்வு இதற்கு ஏற்றது. ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுள் 399 பேருக்கு அந்த நோய் இருந்தது. அதை அவர்களுக்குச் சொல்லாமலும், 1940-களில் பென்சிலின் குணப்படுத்தும் மருந்தாக நிலைபெற்ற பிறகும் அதைக் கொடுக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர்கள் வந்து போனார்கள். தொடர்ந்து இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். அந்த ஆண்களைத் தம் காரில் அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விட்டவர், குடும்பத்தாரின் நலம் விசாரித்தவர், அவர்களுடைய முழு நம்பிக்கைக்கும் உரியவர். அவரிடம் கருணை இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. அந்தக் கருணைதான் அவர்களை ஆய்வை விட்டுப் போகாமல் பிடித்துவைத்தது என்பதே இதில் உள்ள கொடுமை. கறுப்பினப் பெண்ணாக, அந்தக் காலத்தில், வெள்ளை மருத்துவர்களின் கீழ் அவரால் எந்த அளவுக்கு மறுத்திருக்க முடியும் என்பதையும் மாணவர்கள் பேச வேண்டும்; அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வகுப்பை முடித்துவிடுவது எளிது. கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பும் அறநெறிக் கல்வி எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

பெரிய வரலாற்று நிகழ்வுகளைச் சொன்னால் வகுப்பு உறைந்துபோய்க் கேட்கும். ஆனால் மாணவர் மறுநாள் காலை வார்டில் சந்திக்கப்போவது டஸ்கீகியை அல்ல. அவர் சந்திக்கப்போவது நோயாளியின் குறிப்பேட்டில் சுவாச எண்ணிக்கையை நிரப்ப வேண்டிய கட்டத்தை.

வெப்பநிலையைக் கருவி காட்டிவிடும், இரத்த அழுத்தத்தையும் காட்டிவிடும். சுவாசத்தை மட்டும் ஒரு முழு நிமிடம், நோயாளி அறியாதபடி, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் வார்டில் முதலில் காணாமல் போவது. எந்த மருத்துவமனையிலும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால், வரிசையாக எல்லோருக்கும் 18, 20, 20, 18 என்று இருப்பதைப் பார்க்கலாம். நான் இரண்டாம் ஆண்டு மாணவியாக இருந்தபோது, ஒரு காலைப்பொழுதில் பதினோரு கட்டில்களுக்கு அப்படித்தான் எழுதினேன். வார்டுப் பொறுப்பில் இருந்த மூத்த சிஸ்டர் குறிப்பேடுகளைப் பார்த்தார். திட்டவில்லை. ஏழாம் கட்டிலுக்கு என்னை அழைத்துப்போய், நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் நில், கண் மார்பில் இருக்கட்டும், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணு என்றார். அந்த முழு நிமிடமும் என் பக்கத்திலேயே நின்றார். 34 வந்தது. நான் எழுதியிருந்தது 20. உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது முதலில் மாறுபவற்றுள் சுவாச எண்ணிக்கையும் ஒன்று என்பது எனக்குப் பாடமாகத் தெரியும், தேர்விலும் எழுதியிருக்கிறேன். அவர் மருத்துவரை அழைத்துவிட்டு வந்து, பழைய எண்ணை அழிக்காமல் அதன் மேல் ஒற்றைக் கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியான எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். பிறகு, 'மத்த பத்துப் பேரு?' என்று மட்டும் கேட்டார்.

நேர்மை என்ற விழுமியம் எனக்கு வந்து சேர்ந்த வழி அதுதான். அந்தக் காலையில் நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அவசரத்தில் இருந்தேன், மற்றவர்களும் அப்படியே எழுதுவதைப் பார்த்திருந்தேன். அவசரம் அறத்தை எப்படித் தின்றுவிடும் என்பதை 1973-இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வழியில் சுருண்டு கிடந்த மனிதருக்கு உதவ நின்றவர்கள், அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். அவர்களில் சிலர், துன்பப்பட்டவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிச் சொற்பொழிவாற்றத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் பற்றாக்குறையான வார்டில் மாணவரை ஓடவிட்டுவிட்டு, பிறகு அவரிடம் விழுமியம் இல்லை என்று குறைசொல்வது நியாயமாகாது.

உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் அறச்செயலை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: இங்கே ஓர் அறச்சிக்கல் இருக்கிறது என்று கண்டுகொள்வது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்ற ஆசைகளைவிட அதற்கு முதலிடம் தருவது, தடைகளைத் தாண்டிச் செய்து முடிப்பது. ஆசிரியருக்கு இது மிகப் பயனுள்ள கருவி, ஏனென்றால் மாணவர் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார் என்று இதைக் கொண்டு பார்க்கலாம். நம் பாடத்திட்டமும் தேர்வும் ஏறக்குறைய முழுவதும் இரண்டாவது கூற்றிலேயே நின்றுவிடுகின்றன. வார்டிலோ பெரும்பாலான தவறுகள் முதலாவதிலும் நான்காவதிலும் நடக்கின்றன. படுக்கையிலேயே ஒருவருக்கு உடல் துடைத்துவிடும்போது திரை ஒரு சாண் விலகியிருக்கிறது. அதைப் பார்க்காதவரிடம் மனித கண்ணியம் பற்றிக் கட்டுரை கேட்டால் அழகாக எழுதித் தருவார். இன்னொருவர் பார்த்துவிடுவார், ஆனால் உள்ளே நிற்பது மூத்த மருத்துவர் என்பதால் 'திரையை இழுத்துவிடட்டுமா?' என்ற இரண்டு சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். முதலாமவருக்குத் தேவை கண், இரண்டாமவருக்குத் தேவை வாய்.

சரியானது எது என்று தெரிந்தும், சூழல் இடம்கொடுக்காததால் அதைச் செய்ய முடியாமல் போகும்போது வரும் வேதனைக்கு மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அதை அறவுளைச்சல் என்று சொல்லலாம். அறநெறிக் கல்வியின் பக்கவிளைவு இது. கண்ணை மட்டும் திறந்துவிட்டு வாயைப் பழக்காமல் விட்டால், மாணவர் முன்பைவிட அதிகம் துன்பப்படுவார்; பிறகு துன்பம் தாங்காமல் கண்ணை மூடிக்கொள்ளப் பழகுவார், அல்லது வேலையையே விட்டுப் போவார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் வாயைப் பழக்குவது எப்படி? ஊசி போடுவதை எப்படிப் பழக்குகிறோமோ அப்படித்தான். பொம்மையில் நூறு தடவை குத்திப் பார்க்காமல் எவரையும் நோயாளியிடம் அனுப்புவதில்லை. ஆனால் மூத்தவரிடம் ஐயத்தைச் சொல்வதற்கு மட்டும் ஒத்திகையே கிடையாது. நான் மாணவர்களை எழுப்பி நிற்கவைத்து, சொற்களை உரக்கச் சொல்லச் செய்வேன். 'டாக்டர், இந்த அளவு அதிகமாகத் தெரிகிறது, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.' 'சிஸ்டர், இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் என்ன அறுவை சிகிச்சை என்று என்னிடம் கேட்கிறார்.' இரண்டாவது வாக்கியம் மிகவும் தேவைப்படுவது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கும், ஒப்புதல் இருக்காது. அதை முதலில் அறிபவர் பெரும்பாலும் படுக்கையருகே நிற்கும் மாணவர்தான். முதல் தடவை சொல்லும்போது குரல் நடுங்கும், சிலர் சிரித்துவிடுவார்கள். பத்தாவது தடவை குரல் நேராகிவிடும். அலட்சியமாகப் பதில் சொல்லும் மருத்துவராக நானே நடிப்பேன். ஒரே தடவை கேட்டுவிட்டு அடங்கிவிடாமல், இரண்டாம் தடவையும் கேட்க வேண்டும், அதற்கும் பயனில்லையென்றால் யாரிடம் போக வேண்டும் என்பது வரையில் ஒத்திகை நடக்கும்.

கண்ணைப் பழக்க, பணிநேரம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் போதும். அன்று வார்டில் உங்களை உறுத்திய ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது. முதல் வாரம் எவரும் வாய் திறக்க மாட்டார்கள், அல்லது எல்லாம் நன்றாக இருந்தது என்பார்கள். ஆசிரியர் தம் தவறு ஒன்றை முதலில் சொன்னால்தான் கதவு திறக்கும். என் சுவாச எண்ணிக்கைக் கதையை அதற்குத்தான் வைத்திருக்கிறேன். தவறைச் சொன்ன மாணவருக்கு ஆசிரியர் காட்டும் முகம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். மருந்து கொடுக்க மறந்துவிட்டேன் என்று தானே வந்து சொன்னவரை எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்திவிட்டு, மறுநாள் நேர்மை பற்றிப் பாடம் எடுத்தால், மாணவர்கள் முதல் நாள் பாடத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

விழுமியங்களை அளக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அவற்றுள் பரவலாகப் பயன்படுவது வெய்ஸ், ஷாங்க் என்ற இருவர் உருவாக்கிய செவிலியர் தொழில் விழுமிய அளவுகோல். 2009-இல் திருத்தப்பட்ட வடிவத்தில் 26 கூற்றுகள் உண்டு, ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு முக்கியம் என்று செவிலியரே குறிக்க வேண்டும். பாடம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இதைக் கொடுத்து, மதிப்பெண் கூடியதைக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். அவற்றைப் பயனற்றவை என்று தள்ளமாட்டேன். மாணவர் எவற்றை முக்கியம் என்று சொல்லக் கற்றிருக்கிறார் என்பதை அவை காட்டும். ஆனால் அது 'கொடுக்க மாட்டேன்' என்று சொன்ன 21 மாணவியரின் விடைத்தாளுக்கு நெருக்கமான ஒன்று. மாணவர் எழுதிய குறிப்பேடுகளில் நான்கை எடுத்து, அதே கட்டில்களில் ஆசிரியரே சுவாசத்தை எண்ணிப் பார்ப்பது எனக்கு அதைவிட நம்பகமான அளவீடு. அதை மதிப்பெண்ணுக்காகச் செய்யக் கூடாது, தெரிந்துகொள்வதற்காகச் செய்ய வேண்டும்.

கடைசியாக, கேள்வி கேட்டவர் உடனே செய்யக்கூடிய, செலவில்லாத ஒன்று உண்டு. முதல் வார்டுப் பயிற்சிக்கு மாணவர்களைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்பாதீர்கள். ஒரே வார்டுக்கு, ஒரே பணிநேரத்துக்கு இருவராக அனுப்புங்கள். எல்லா வார்டுகளையும் நிரப்ப முடியவில்லை என்று அட்டவணை போடுபவர் முறையிடுவார். முறையிடட்டும். உத்தரவு தவறாகப் படும்போது 'இது சரியா?' என்று திரும்பிக் கேட்க மாணவருக்கு அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் தன்னைப் போலவே பயந்துகொண்டிருக்கும் இன்னொரு மாணவராக இருந்தாலும் பரவாயில்லை.